துளைக்கு நேர் துளை

ஏஆர்-15 வகை ரைபிளின் கேஸ் பிளாக்கைச் சரிபார்ப்பது பற்றி எட்டு வரிகள் எழுதி, என் வேலை மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். சுருக்கமாக இருக்கட்டும் என்று எழுதியதில் நூற்பா போல ஆகிவிட்டன. நூற்பா என்றால் உரை வேண்டும். வேலை கற்க வருகிறவர்கள் ஒவ்வொரு வரியிலும் நின்று ‘ஏன்?’ என்று கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். அவர்களுக்கு வாயால் சொன்னதையே இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

குழலில் ஒரு துளை, பிளாக்கில் ஒரு துளை;
நேர் நின்றால் ஓடும், நேர் தப்பின் திணறும்.

முதலில் சொன்ன துளை, குழலின் மேற்புறத்தில் போட்டிருக்கும் கேஸ் போர்ட். இதே குடும்பத்து ராணுவ ரைபிளான, இருபது அங்குலக் குழல் கொண்ட எம்16இல் அதன் விட்டம் 0.093 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குட்டைக் குழல் எம்4இல் இன்னும் சிறியது, 1.6 மில்லிமீட்டர் அளவு. இரண்டாவது துளை, குழலைச் சுற்றி மோதிரம்போல் மாட்டியிருக்கும் கேஸ் பிளாக்கின் உட்சுவரில் இருப்பது.

தோட்டா வெடித்து, குண்டு குழலுக்குள் ஓடி இந்தப் போர்ட்டைத் தாண்டும்போது, பின்னால் துரத்திவரும் வாயுவில் ஒரு சிறு பங்கு போர்ட் வழியாக மேலே ஏறுகிறது. பிளாக்குக்குள் திரும்பி, மெல்லிய கேஸ் டியூப் வழியே பின்னோக்கி வந்து, போல்ட் கேரியரின் தலைமேல் இருக்கும் ‘கேஸ் கீ’ என்ற மூக்குக்குள் நுழைகிறது. கேரியர் பின்னே தள்ளப்படுகிறது. போல்ட் சுழன்று பூட்டு விடுகிறது. வெற்றுக் கூடு வெளியே எறியப்படுகிறது. பின்னாலிருக்கும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் மறுபடி முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் இருந்தபோது அமைத்த ஏற்பாடு இது. 1956இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1960இல் கிடைத்தது.

குண்டை விரட்டும் வாயுவையே வேலைக்காரனாக்கும் எண்ணம் ஸ்டோனருக்கு வெகு முந்தியது. 1889இல் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊரில், ஜான் பிரவுனிங் ஒரு துப்பாக்கி சுடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடும்போதெல்லாம் முன்னாலிருந்த நாணல்கள் வாய்முனைக் காற்றில் சாய்ந்து எழுந்தன. நாணலைச் சாய்க்கிற இந்த விசை வீணாகத்தானே போகிறது என்று அவருக்குப் பட்டது. அங்கிருந்து கிளம்பியதுதான் வாயுவால் இயங்கும் அவருடைய துப்பாக்கி.

‘நேர் தப்பின் திணறும்’ என்ற அச்சத்துக்குக் காரணம், வாயுவுக்குக் கிடைக்கும் நேரம். போர்ட்டிலிருந்து குழலின் வாய்வரை பதினெட்டு சென்டிமீட்டர் அளவு தூரம். குண்டு நொடிக்குத் தொள்ளாயிரம் மீட்டர் வேகத்தில் அதைக் கடக்கிறது. நொடியை ஐயாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. குண்டு வாயை விட்டு வெளியேறியதும் அழுத்தம் சரிந்துவிடும். அந்த ஒரு பங்கு நேரத்துக்குள், பாதி அடைபட்ட சன்னல் வழியாகப் போதுமான வாயு நுழையாது.

முதலில் காலி செய், பிறகு கேள்.

‘காலி’ என்றது மேகசினைக் கழற்றுவதை மட்டும் அன்று. மேகசினை எடுத்தபின் சார்ஜிங் ஹேண்டிலைப் பின்னுக்கு இழுத்து, அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலையும் விட்டுத் தடவ வேண்டும். வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது அறையைக் காலி செய்தால், போல்ட் முன்னே போகும்போது அடுத்த தோட்டாவையும் கூட்டிக்கொண்டு போகும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வருவது என் வழக்கம்.

‘கேள்’ என்பதற்கு இங்கே இரண்டு பொருளும் கொள்க. சுட்டவரிடம் விசாரி, ரைபிளுக்கும் செவி கொடு. எந்தத் தோட்டா, எப்போதிருந்து, யார் பிரித்தார், கடைசியாக எதை மாற்றினார் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். குழலைச் சுற்றியிருக்கும் கைப்பிடி உறையைக் காட்டி, ‘புது ஹேண்ட்கார்டு போட்டேன், அதிலிருந்து இப்படி’ என்று ஒருவர் சொன்னால், நான் நேராக ஐந்தாம் வரிக்குப் போய்விடுவேன்.

கூடு விழும் திசை பார்;
கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் நிற்கும் இடம் பார்.

சுடுபவர் ஒரு கடிகாரத்தின் நடுவில் நிற்பதாகவும், துப்பாக்கியின் வாய் பன்னிரண்டைக் காட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். நலமாக இருக்கும் ரைபிள் வெற்றுக் கூடுகளை வலப்பக்கம் மூன்று மணிக்கும் நான்கரை மணிக்கும் இடையே வீசும். வாயு குறைந்தால் கூடுகள் ஐந்து மணிப் பக்கமாகச் சோர்ந்து காலடியிலேயே விழும். இன்னும் குறைந்தால் கூடு முழுதாக வெளியேறாமல் போல்ட்டின் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொள்ளும். அதற்கும் கீழே போனால், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்றவேண்டிய ஒற்றைச் சூட்டு ரைபிளாகிவிடும்.

மேகசின் காலியானதும் போல்ட் பின்னாலேயே நின்றுவிட வேண்டும். அது முன்னே வந்து மூடிக்கொண்டால், கேரியர் முழுத் தூரம் பின்னே போகவில்லை என்று பொருள். ‘ஷார்ட் ஸ்ட்ரோக்’ என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

இவற்றையெல்லாம் பார்த்தவுடன் கேஸ் பிளாக்கின்மேல் பழி போடக் கூடாது என்பதற்காகவே இந்த வரியை நாலாம் வரிக்கு முன்னால் வைத்தேன். இதே அறிகுறிகளை வேறு பல குறைகளும் காட்டும். வலுக் குறைந்த தோட்டா. கேரியருக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் எடை கூடிய பஃபர். எண்ணெய் வறண்ட கேரியர். போல்ட்டின் மூன்று கேஸ் ரிங்குகளும் தேய்ந்திருப்பது. கேரியரில் கேஸ் கீயைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள் தளர்ந்து வாயு கசிவது. ரிங்குகளைச் சோதிக்கக் கருவி வேண்டாம். போல்ட்டை முன்னே நீட்டி, அதன் முகத்தின் மேல் கேரியரை மேசையில் நிறுத்துங்கள். கேரியர் தன் எடையாலேயே சரிந்து போல்ட்டை விழுங்கினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியே நின்றால் குற்றவாளி வேறெங்கோ. கேஸ் கீயைக் கையால் அசைத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் அது சொல்லும் செய்தி பெரிது. இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. இதை விட்டுவிட்டு ஹேண்ட்கார்டைக் கழற்றத் தொடங்குபவர்கள் ஒரு பிற்பகலையே இழக்கிறார்கள்.

துடைக்கும் முன் கரியைப் படி.

எட்டு வரிகளில் எனக்கு மிகவும் வேண்டிய வரி இது.

ஹேண்ட்கார்டைக் கழற்றி, பிளாக்கின் செட் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, பிளாக்கையும் டியூப்பையும் ஒன்றாக முன்னே உருவி எடுத்ததும், எல்லோருடைய கையும் தானாகத் துணியைத் தேடும். கரி படிந்திருப்பதைக் கண்டால் துடைக்கத்தான் தோன்றும். அந்தத் துணியைக் கீழே வையுங்கள். சில நூறு தோட்டாக்கள் சுட்ட ரைபிள் தன் நோயைத் தானே எழுதிவைத்திருக்கிறது. எழுதிய இடம் அதுதான்.

போர்ட்டைச் சுற்றிக் குழல்மேல் ஒரு கரிய தடம் இருக்கும். பிளாக்கின் துளை எந்த இடத்தில் திறந்திருந்ததோ, அந்த வாயின் வடிவம் அந்தத் தடத்தில் பதிந்திருக்கும். தடத்தின் நடுவில் போர்ட் இருந்தால் பிளாக் சரியாக உட்கார்ந்திருந்தது. போர்ட் தடத்தின் ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். தடம் போர்ட்டுக்குப் பின்னால் தள்ளியிருந்தால் பிளாக் பின்னே போயிருந்தது; இடமாகவோ வலமாகவோ தள்ளியிருந்தால் பிளாக் திருகியிருந்தது. பிளாக்கின் உள்ளே டார்ச் அடித்தால் இதன் மறுபதிப்பும் கிடைக்கும். இரண்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகு துடைக்கலாம்.

புத்தம்புது ரைபிளில் கரி இராது. அப்போது என்ன செய்வது? பிளாக்கைக் கழற்றாமலே பார்க்க ஒரு வழி, குழலுக்குள் விடும் போர்ஸ்கோப் கேமரா. போர்ட்டுக்கு அடியில் நின்று மேலே பார்த்தால் துளை முழுவட்டமாக இருளாகத் தெரிய வேண்டும். வட்டத்துக்குள் பளபளப்பாக ஒரு பிறை தெரிந்தால், அது பிளாக்கின் உட்சுவர். அவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது. பிறையின் முதுகு எந்தத் திசையில் இருக்கிறதோ, நகர்த்தவேண்டிய வழியை அது காட்டிவிடும்.

கேரியரை எடுத்துவிட்டு, கேஸ் டியூப்பின் பின்முனையில் காற்று ஊதி, குழலில் வருகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. முழுக்க அடைபட்டதைக் கண்டுபிடிக்க அது போதும். பாதி அடைபட்டதற்கு உதவாது; பாதித் துளையிலும் காற்று தாராளமாகத்தான் வரும். காற்று வந்துவிட்டது என்று நிம்மதியாக மூடிய ரைபிள்கள் மறுநாள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தோளில் முட்டுவதெல்லாம் துளையில் சேராது.

‘தோள்’ என்றது, குழலின் பருமன் சட்டென்று இறங்கும் படியை. அந்தப் படிக்கு முன்னால்தான் கேஸ் பிளாக் மாட்டும் இடம். பெரும்பாலான ஏஆர் குழல்களில் அந்த இடத்தின் விட்டம் 0.750 அங்குலம். பிளாக்கை உருவி மாட்டினால் தோளில் போய் முட்டி நிற்கும். முட்டி நின்றதும் ‘சரி, இதுதான் இடம்’ என்று கை சொல்லும். அது பல குழல்களில் பொய்.

பழைய வடிவத்தில், முக்கோணக் கோபுரம்போல் நிற்கும் முன்குறிக் கட்டையே கேஸ் பிளாக்காகவும் இருந்தது. அதற்கும் தோளுக்கும் நடுவில், ஹேண்ட்கார்டின் முனையைத் தாங்க ஒரு தகட்டு மூடி மாட்டுவார்கள். தகட்டின் தடிமன் ஏறக்குறைய 0.025 அங்குலம். மில்லிமீட்டரில் 0.6 சொச்சம். போர்ட் எங்கே வரவேண்டும் என்று கணக்கிட்டவர்கள் அந்தத் தகட்டையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். பிறகு குழலைத் தொடாமல் நிற்கும் நீள ஹேண்ட்கார்டுகள் வந்தன. அவற்றுக்குள் அடங்கும்படி தாழ்ந்த சிறு பிளாக்குகள் வந்தன. தகட்டு மூடி போய்விட்டது. அதற்காக விட்ட இடம் மட்டும் குழலில் தங்கிவிட்டது.

நான் முதன்முதலாகப் பூட்டிய ரைபிளில் இந்த இடத்தை விடவில்லை. தோளில் முட்டும்வரை தள்ளி இறுக்கினேன். ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுக்கவேண்டியிருந்தது. தோட்டாவை மாற்றினேன், இலேசான பஃபர் போட்டேன், ரிங்குகளை மாற்றினேன். மூன்று வாரம் கழித்துப் பிளாக்கைக் கழற்றியபோது, கரித் தடம் போர்ட்டுக்குப் பின்னால் பாதி விலகி நின்றது. அந்த மூன்று வார வருத்தத்திலிருந்து பிறந்ததே இந்த வரி.

அரை மில்லிமீட்டர் சொச்சத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். எம்4 அளவுப் போர்ட்டின் விட்டமே 1.6 மில்லிமீட்டர்தான். பிளாக்கின் துளையும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், 0.635 மில்லிமீட்டர் விலகினாலே திறந்திருக்கும் பரப்பில் பாதி போய்விடுகிறது. பல தயாரிப்பாளர்கள் பிளாக்கின் துளையைப் போர்ட்டைவிடப் பெரிதாகப் போடுகிறார்கள். அதனால் இந்தப் பிழையோடும் ஓடிக்கொண்டிருக்கும் ரைபிள்கள் ஏராளம். ஓடுவதால் பிழை சரியாகிவிடாது. குளிர்காலத்திலோ அழுக்கேறிய பின்போ வலுக் குறைந்த தோட்டாவிலோ அது வெளியே வரும்.

எல்லாக் குழலுக்கும் 0.025 என்று மனப்பாடம் செய்யவும் கூடாது. தாழ்ந்த பிளாக்குக்கென்றே கணக்கிட்டு, தோளில் முட்டவைக்கும்படி துளையிட்ட குழல்களும் விற்கின்றன. ஆகவே அளக்க வேண்டும். காலிப்பரை எடுத்து, குழலில் தோளிலிருந்து போர்ட்டின் மையம்வரை எவ்வளவு என்று பாருங்கள். பிளாக்கில் பின்முகத்திலிருந்து உள்துளையின் மையம்வரை எவ்வளவு என்று பாருங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதுதான் விடவேண்டிய இடைவெளி. பூஜ்யம் வந்தால் முட்டவையுங்கள். 0.6 வந்தால், அதே தடிமனுள்ள ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் செருகி, பிளாக்கை அதன்மேல் அழுத்தி இறுக்குங்கள். வங்கி அட்டையைச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள், அட்டை 0.76 மில்லிமீட்டர். அவசரத்துக்கு ஆகும், அளவுக்கு ஆகாது.

மேலே கோடு, கீழே குழி.

முன்பின் தள்ளலுக்கு ஐந்தாம் வரி. திருகலுக்கு இந்த வரி. 0.750 அங்குலக் குழலின் மேல் பிளாக் ஒரு பாகை திருகினால், துளை 0.17 மில்லிமீட்டர் நகர்கிறது. ஐந்து பாகைக்கு 0.83. ஐந்து பாகைத் திருகல் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, வாயுவுக்குத் தெரியும்.

‘கோடு’ என்றது, போர்ட்டின் மையத்திலிருந்து குழலின் அச்சுக்கு இணையாக முன்னே இழுக்கும் மார்க்கர் கோடு. பிளாக்கின் முன்முகத்தில், நட்ட நடுவில் ஒரு சிறு கோடு. மாட்டும்போது இரண்டும் ஒரே கோடாக வேண்டும். பிறகு போல்ட் இல்லாமல் வெறும் கேரியரை ரிசீவருக்குள் மெல்லத் தள்ளிப் பாருங்கள். கேஸ் கீ டியூப்பின் மேல் உரசாமல் வழுக்கி ஏற வேண்டும். இடறினால் பிளாக் திருகியிருக்கிறது, அல்லது டியூப் வளைந்திருக்கிறது. டியூப்பை வளைத்துச் சரிசெய்யப் போவதற்கு முன் பிளாக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

‘குழி’ என்றது, குழலின் அடிப்புறத்தில் செட் ஸ்க்ரூவின் முனை உட்காரப் போடும் ஆழமற்ற பள்ளம். வழுவழுப்பான குழலை ஸ்க்ரூவின் அழுத்தம் மட்டுமே பிடித்திருந்தால், சூட்டிலும் அதிர்விலும் பிளாக் நகரும். பள்ளத்தில் உட்கார்ந்த ஸ்க்ரூ நகர விடாது. ஆனால் பள்ளம் தவறான இடத்தில் இருந்தால், இறுக்க இறுக்க ஸ்க்ரூவே பிளாக்கைத் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்லும். கையில் டிரில்லைப் பிடித்துக் குறிபார்த்துப் போடும் காரியமன்று இது. போர்ட்டுக்குள் ஒரு முள்ளை நுழைத்து நின்றுகொண்டு, நேர் எதிரே டிரில்லுக்கு வழிகாட்டும் ஜிக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அந்த இடத்தில் குழலின் சுவர் ஆறரை மில்லிமீட்டர் சொச்சம்தான். ஸ்க்ரூவின் முனை அமர்ந்தால் போதும், அதற்குமேல் ஒரு இழைகூடத் தோண்ட வேண்டாம். கைப்பழக்கம் இல்லாதவர் இந்த ஒரு வேலையைத் துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

ஸ்க்ரூவுக்குப் போடும் பசை பற்றி ஒரு சொல். சாதாரண நீலப் பசை நூற்றைம்பது டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். கேஸ் பிளாக் அதைத் தாண்டும். சூடு தாங்கும் பீங்கான் வகைப் பசை வேண்டும். ராக்செட் என்று விற்பது அப்படிப்பட்டது. பின்னாளில் கழற்ற வேண்டுமானால் தண்ணீரில் ஊறவைத்தால் விட்டுவிடும்.

கோணலுக்கு டிரில் மருந்தன்று.

வாயு குறைகிறது, ஆகவே துளையைப் பெரிதாக்கு என்ற யோசனை எல்லோருக்கும் வரும். கேட்க நியாயமாகவும் இருக்கும். விலகி நிற்கும் பிளாக்கை நகர்த்தாமல் போர்ட்டை அகலப்படுத்தினால் ரைபிள் ஓடவும் ஓடலாம். என்றாவது ஒருநாள் வேறொருவர் அந்தப் பிளாக்கைக் கழற்றிச் சரியாக மாட்டும்போது, வேண்டியதைவிட இரண்டு மடங்கு வாயு பின்னே பாயும். போல்ட் அழுத்தம் தணியும் முன்பே பூட்டு விடப் பார்க்கும். கூட்டைப் பிடித்திழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைக் கிழிக்கும். உதிரிகள் சீக்கிரம் தேயும். புகை சுடுபவர் முகத்தில் அடிக்கும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. குழலையே மாற்ற வேண்டும்.

வாயுவின் அளவு தப்பினால் என்ன நடக்கும் என்பதை இந்த ரைபிள் குடும்பம் வியட்நாமில் அனுபவித்துவிட்டது. 1960களில் எம்16இன் தோட்டாக்களில் வெடிமருந்தை மாற்றினார்கள். போர்ட்டில் அழுத்தம் கூடியது, சுடும் வேகம் ஏறியது, கரி அதிகம் படிந்தது. சுத்தம் செய்யும் கருவிகளும் பயிற்சியும் போதாத வீரர்களின் கையில் ரைபிள் அடைத்துக்கொண்டு நின்றது. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையிலான துணைக்குழு இதை விசாரித்து, ராணுவத்தைக் கடுமையாகக் குறைகூறி அறிக்கை தந்தது. அந்தக் கதையில் யாரும் துளையைத் தொடவில்லை. துளைக்குள் போகும் வாயு மட்டுமே மாறியது. அதற்கே அவ்வளவு விலை. அதனால்தான் வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும், அளந்து பார்க்காமல் ஒரு போர்ட்டுக்குள் டிரில்லை விட நான் சம்மதிப்பதில்லை.

ஒற்றைத் தோட்டாவால் சோதி.

சுடுகளத்தில், கண்ணாடியும் காதுக் கவசமும் போட்டபின், மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் போல்ட் பின்னால் நின்றால் கேரியர் முழுத் தூரம் போய்வந்தது என்று பொருள். ஒருமுறை நின்றது போதாது. தோளில் வைத்தும், நின்றும், சாய்ந்தும், ஒவ்வொன்றாகப் பத்துமுறை பாருங்கள். வலுவான தோட்டா ஒன்றும் வலுக் குறைந்த தோட்டா ஒன்றும் எடுத்துச் செல்வது நல்லது; பாதி அடைபட்ட போர்ட் வலுவான தோட்டாவில் ஒளிந்துகொள்ளும்.

கிளம்பும் முன், பிளாக்கின் விளிம்பிலிருந்து குழல்மேல் ஏறும்படி வெள்ளை வண்ணத்தில் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுவேன். நூறு தோட்டா முடிந்து குழல் ஆறியதும், ஹேண்ட்கார்டின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பேன். கோடு முறியாமல் ஒரே இழையாக இருந்தால் ரைபிளை உரியவரிடம் கொடுத்துவிடுவேன். முறிந்திருந்தால் மறுபடி மேசைக்கு.